வயிற்றில் இரண்டு தட்டு

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைடா, அவரு காதுல விழட்டும்" என்று அம்மா சொன்னது சந்து முனை வரைக்கும் கேட்டது. பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் விடிந்ததிலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்துப் போட்டுவிட்டு வந்தவள். தோள்பட்டை விண் விண்ணென்று தெறித்தது. போனதும் ஒரு மூலையில் முதுகைச் சாய்க்கலாம் என்ற ஒரே நினைப்பில்தான் நடந்து வந்திருந்தாள். உள்ளே டிவியில் மறுபடி அந்தப் பாட்டு.

'வாங்க வாங்க சிரிக்கலாம், வயசை மறந்து குதிக்கலாம்.' பெரிய மனுஷி ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரிப் பாடிய பாட்டு. ஒன்பது நாளாக இந்த வீட்டில் காலை, மதியம், சாயங்காலம் என்று மருந்து மாதிரி அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா முன்னறைக் கட்டிலில் கிடந்தார். பக்கவாதத்தில் பேச்சு போய் ஒன்பது நாள். நுரையீரல் அதற்கு முன்பே, வருடக்கணக்காக, கந்தலாகிப் போயிருந்தது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மாஸ்க் போட்டிருந்தா ஒரு நாள் ரெண்டு நாள் கூட இழுக்கும். போடாட்டியும் பெரிய வித்தியாசம் இல்ல" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின் மூலையில் நின்று உறுமியது. அதன் உறுமலை மிஞ்ச வேண்டும் என்றுதான் தம்பி டிவியின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்திருந்தான்.

திரையில் தொகுப்பாளன் வந்துவிட்டான். மிட்டாய் சுற்றிய காகிதத்தைத் தைத்துப் போட்டதுபோல ஒரு கோட்டு. வாய் காதுவரை கிழிந்திருந்தது. "இங்கே அழுகைக்கு அனுமதி இல்லை!" என்று கத்தினான். உடனே கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு முழுக்க ஒரே பொம்பளையின் சிரிப்பு. முடியும்போது விக்கல் மாதிரி ஓர் இழுவை இழுப்பாள். அப்பா வேலை பார்த்த கேளிக்கைப் பூங்காவின் பத்தாம் ஆண்டுக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று என்று மூன்று சிறப்பு நிகழ்ச்சிகள் டிவியில் வந்தன. மூன்றிலும் அதே விக்கல். தொகுப்பாளனுக்கு மட்டும் ஒவ்வொன்றிலும் தொப்பை ஒரு சுற்று கூடியிருக்கும்.

கேசட்டில் கிடந்த அத்தனையையும் தம்பிதான் கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கி வந்திருந்தான். அவனும் அதே பூங்காவில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். அப்பாவின் சிபாரிசு. அப்பாவோ இருபது வருஷம் அங்கே முயல். பஞ்சும் ரப்பரும் அடைத்த முயல் வேஷத்துக்குள் நின்று, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கை கொடுத்து, கட்டிப்பிடித்து, ஆடிக் காட்டியவர். முட்டி தேய்ந்தபிறகு விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார்கள்.

"வந்துட்டியா? பாருடி, நீங்க ரெண்டு பேரும் வர்ற இடம்" என்றாள் அம்மா.

"நான் எங்க வர்றேன்? அவன்தான் வருவான்."

திரையில், பத்தாம் ஆண்டு நிகழ்ச்சியில், கோப்பை ராட்டினம் சுற்றியது. சிவப்புக் கோப்பைக்குள் ஆறு வயசுத் தம்பி ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கோப்பையில் முதலில் உட்கார வைத்தது எட்டு வயசுப் பெரியவளை. படம்பிடித்த அன்று மழைக்குப் பயந்து கூட்டம் வரவில்லை. வேலைக்காரர்கள் வீட்டிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லி, நாற்காலிகளை நிரப்பினார்கள். சிரிப்பு சரியாக விழவில்லை, வெளிச்சம் போதவில்லை, பின்னால் ஒருத்தன் காது குடைகிறான் என்று ஆளுக்கொரு நொட்டை சொல்லிப் பதினோரு தரம் சுற்றவிட்டார்கள். பதினோராவது சுற்றில் அவள் கோப்பை நிறைய வாந்தி எடுத்தாள். தொகுப்பாளன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்தப் பொண்ண மாத்துங்கப்பா, சட்டையில பட்டுடப் போவுது" என்றான். கோப்பையை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரம் காய்வதற்குள் தம்பியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவன் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவன் டிவியில் வந்த பிள்ளை. அவள் டிவியில் வர இருந்த பிள்ளை.

"அம்மா, இத நிறுத்து. தலை வலிக்குது."

"உனக்கு வலிச்சா உள்ள போய்ப் படு. அவருக்கு இது ஒண்ணுதான் சந்தோஷம்."

"அவரு சொன்னாரா?"

"சொல்லித்தான் தெரியணுமா? அதோ பாரு, பாரு!" அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆரம்பிச்சிட்டாரு!"

போர்வைக்கு வெளியே கிடந்த அப்பாவின் வலது கை மெல்ல எழும்பியது. தனக்குள்ளேயே எடை பார்ப்பதுபோல ஒரு கணம் நின்று, வயிற்றின்மேல் விழுந்தது. மறுபடி எழும்பி, மறுபடி விழுந்தது. இரண்டு தட்டு.

திரையிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. முயல் தன் பெரிய தொப்பையை இரண்டு கையாலும் தொம், தொம் என்று தட்டியது. தொகுப்பாளன் அதைப் பார்த்துத் தன் தொப்பையைத் தட்டினான். பாட்டுக்காரி தட்டினாள். மேளக்காரன் சேர்ந்துகொண்டான். முழுக்கூட்டமும் தட்டியது. விக்கல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தத் தட்டுத்தான் பிற்பாடு பூங்காவின் அடையாளமே ஆனது. டிக்கெட்டில் அந்தப் படம், பனியனில் அந்தப் படம், வாசலில் இரண்டாள் உயரத்துக்குத் தொப்பை தட்டும் முயல் சிலை. ஊரில் ஒரு பிள்ளைக்கு அந்தத் தட்டு தெரியாமல் இருக்காது.

"ஆட்டக்காரர் இன்னும் ஆட்டத்த மறக்கல!" தம்பி கட்டிலருகே குந்தித் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். "எப்பா, தொம் தொம்! சபாஷ்!"

அப்பாவின் கண் அவனைப் பார்த்தது. கை மறுபடி எழும்பியது. இரண்டு தட்டு. அசைவில் மாஸ்க் ஒரு பக்கம் நழுவ, தம்பி அதைச் சரியாக வைத்து, எலாஸ்டிக் வாரை ஒரு பிடி இறுக்கிவிட்டான். ஒன்பது நாளாக இதே வேலை. தட்டுவார், இவன் தட்டுவான், மாஸ்க் நழுவும், இறுக்குவான். எலாஸ்டிக் பதிந்து கன்னத்தில் கோடு சிவந்து கிடந்தது.

"எருமைக்குக் கயிறு கட்டுறியா? கொஞ்சம் தளர்த்துடா."

"நர்ஸ்தான் இறுக்கமா இருக்கணும்னாங்க. உனக்கு என்னக்கா, வந்ததும் குறை. உன்ன கோப்பையிலேருந்து இறக்கிவிட்டது நானா?"

மூன்றாம் நாள், அம்மாவின் முகத்துக்காக, அவளும் ஒரு தரம் அப்பாவைப் பார்த்துத் தன் வயிற்றைத் தட்டியிருந்தாள். அது ஞாபகம் வந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் நிழல் தட்டியது. வாத்து மாமா. முப்பது வருஷம் வாத்து வேஷம் போட்டு, வேஷத்தைக் கழற்றினபிறகும் நடை வாத்து நடையாகவே நின்றுவிட்ட மனிதர். மகள் வீட்டில் இருந்தவருக்கு நேற்றுத்தான் சேதி போயிருந்தது. கையில் ஆரஞ்சுப் பை. சாப்பிட வாயில்லாத மனிதருக்குப் பழம் வாங்கி வந்துவிட்டோமே என்ற கூச்சத்தோடு பையைச் சுவரோரம் வைத்தார்.

"வாங்கண்ணா. பாருங்க உங்க சிநேகிதர, படுக்கையிலயும் ஆடிக்கிட்டிருக்காரு" என்றாள் அம்மா.

அப்பா அவரைப் பார்த்தார். கை எழும்பியது. இரண்டு தட்டு. வேகமாக இன்னும் இரண்டு. தம்பி சிரித்துக்கொண்டே தன் தொப்பையில் தாளம் போட்டான்.

வாத்து மாமா முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தன நாளா தட்டுறான்?"

"பேச்சு போன நாள்லேருந்தே. இந்த நிகழ்ச்சின்னா உயிரு அவருக்கு."

"அடப்பாவிங்களா" என்றார் அவர். சத்தமாகச் சொல்லவில்லை. "ஆட்டம் இல்ல தங்கச்சி அது. தலையக் கழட்டச் சொல்றான்."

யாருக்கும் புரியவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வேஷத்துக்குள்ள இருக்கிறவன் பேசக்கூடாது. பேசினா சம்பளத்துல பிடிப்பாங்க. பேசினாலும் அந்த ரப்பரத் தாண்டி வெளிய கேக்காது. அதனால எங்களுக்குள்ள ஒரு ஜாடை வெச்சிருந்தோம். வயித்துல ரெண்டு தட்டு தட்டினா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். கூட நிக்கிறவன் மறைப்புத் தட்டிக்குப் பின்னால இழுத்துட்டுப் போயி தலையக் கழட்டிவிடணும். அரை மணிக்கு மேல ஒருத்தனும் உள்ள நிக்க முடியாது. அன்னிக்கு இவன நாலு மணி நேரம் நிக்க வெச்சானுங்க." அவர் திரையைக் கைகாட்டினார். "அதோ, அங்க அவன் ஆடல. கூப்புடுறான்."

முயல் தட்டியது. கூட்டம் தட்டியது.

"அந்தக் கோட்டுக்காரன் அதப் பாத்து ஆட்டம்னு நினைச்சுத் தானும் தட்டினான். டைரக்டர் குதிக்கிறான், பிரமாதம், இதையே வெச்சுக்கலாம்னு. நான் வாத்துத் தலையோட ஓடினேன். குறுக்க வராதேன்னு என்னப் புடிச்சுத் தள்ளிட்டானுங்க. இவன் தட்டத் தட்ட அவனுங்க தட்டுறானுங்க. இவன் இன்னும் தட்டுறான். கடைசியில நின்ன வாக்குல உள்ளயே கக்கிட்டு விழுந்தான்."

"விழலியே மாமா" என்றான் தம்பி. குரல் எங்கோ போயிருந்தது. "இதுக்கப்புறம் முயல் வந்து பாட்டுக்கு ஆடுமே."

"ஆடும். காலப் பாரு."

விளம்பர இடைவெளி முடிந்து முயல் துள்ளி வந்தது. கணுக்காலில் வேஷத்துணி மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது. குட்டையான ஆள். பெரியவள் அந்த மடிப்பை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். தையல் பிரிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

"நான்தான் அது. அலசக்கூட விடல. உங்கப்பன் கக்கினதுக்குள்ள என் மூஞ்சிய வெச்சு ரெண்டு பாட்டுக்கு ஆடினேன். இன்னும் சோத்துல உக்காந்தா சில நாள் அந்த நாத்தம் வரும்." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் அந்த ஜாடையும் போச்சு. தட்டினா ஒருத்தனும் வரமாட்டான். பிள்ளைங்க கூடி நின்னு சிரிக்கும். தட்டச் சொல்லியே சம்பளம் குடுத்தானுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே இந்த மனுஷன்" என்றாள் அம்மா. "பக்கத்துல உக்காந்து பாப்பாரே. மூணையும் பாப்பாரே."

"சொல்லியிருந்தா மறுநாள் வேலைக்கு அனுப்பியிருப்பியா தங்கச்சி?"

அம்மா எழுந்து போய் டிவியின் வயரைப் பிடுங்கினாள். விக்கல் பாதியில் அறுந்தது. மெஷினின் உறுமல் மட்டும் மிஞ்சியது. அப்பாவின் கை எழும்பி, இரண்டு தட்டு தட்டியது.

பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாஸ்க்கின் உள்பக்கம் ஆவி படிந்து, எச்சில் நூலாகத் தொங்கியது. ரப்பரும் மருந்தும் புளித்த வாயும் கலந்த வாடை. ஆஸ்பத்திரித் துணியில் எத்தனையோ அசிங்கத்தைக் கையால் அள்ளியவள் அவள். இந்த வாடைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"கழட்டக் கூடாதுக்கா" என்றான் தம்பி. "கழட்டினா போயிடுவாரு."

"கழட்டாட்டி?"

"ஒரு நாளாவது கூட..."

"இதுக்குள்ளயா?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாத்து மாமா வெளியாள் மாதிரி இரண்டடி பின்வாங்கினார். முடிவு என்ற ஒன்று அந்த அறையில் யார் மடியிலாவது விழவேண்டும். விழுந்தது.

அவள் குனிந்து அப்பாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தாள். "அப்பா. கழட்டவா?"

கை எழும்பவில்லை. வயிற்றின்மேல் விரிந்தபடி அப்படியே நின்றது. ஒன்பது நாளில் முதல்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார்கள் என்பதுபோல, கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைவிட்டுத் திரும்பாமலே தலையை ஆட்டினாள்.

வாத்து மாமா வந்து அப்பாவின் பிடரிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். எத்தனை ஆயிரம் தரம் செய்த வேலையோ, பிசகே இல்லை. பெரியவள் எலாஸ்டிக்கை முதலில் இடது காதிலிருந்தும், பிறகு வலது காதிலிருந்தும் எடுத்தாள். மாஸ்க் தோலோடு ஒட்டியிருந்த இடத்தில் சின்னதாகச் சத்தம் வந்தது. மெஷினை நிறுத்தினாள். ஈரத்துணியால் வாயோரத்தையும் மோவாயையும் கோடு பதிந்த கன்னங்களையும் துடைத்தாள். ஒரு தரம் போதவில்லை. துணியை அலசிப் பிழிந்துகொண்டு வந்து மறுபடி துடைத்தாள்.

"வெளிய வந்துட்டடா" என்றார் வாத்து மாமா. "மெதுவா விடு. அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு."

அப்பா மூச்சு விட்டார். நீளமாக இல்லை. ஆனால் அது அவருடைய மூச்சு, அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ குழாயடியில் பாத்திரம் போடும் சத்தம் வந்தது. எங்கோ ஒரு பைக் உதைத்துக் கிளம்பியது. ஒன்பது நாளாக இந்தத் தெருவில் சத்தமே இல்லையோ என்று இருந்தது அவளுக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அம்மா நடுவில் ஒருதரம், "கால் ஜில்லுன்னு இருக்கு, போர்வைய இழுத்து விடு" என்றாள். வெயில் ஜன்னலைவிட்டு இறங்கி எதிர்ச் சுவருக்குப் போனபோது மூச்சு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கை தட்டாமல் வயிற்றின்மேல் கிடந்தது.

அதற்கப்புறம் வேலைகள் வந்தன. ஆள்கள் வந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பெரியவள் வாளியில் தண்ணீர் எடுத்து அப்பாவைத் துடைத்தாள். இரண்டு தோளிலும், வேஷத்தின் வார் அழுத்திய இடத்தில், தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. வெளுப்பவள் அவள். எது போகும், எது போகாது என்று தெரியும். ஆனாலும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். "விடுடி" என்று அம்மா கையைப் பிடிக்கிறவரை தேய்த்தாள்.

சாயங்காலம் பூங்காவிலிருந்து கார் வந்தது. விளம்பரப் பிரிவு அதிகாரி, வெள்ளைச் சட்டை, கூடவே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர். முயல் தலை வடிவத்தில் கட்டிய மலர்வளையம் ஒன்றை இறக்கினார்கள். இரண்டு காதும் வெள்ளைப் பூ. பல் இருந்த இடத்திலும் பூ வைத்திருந்தார்கள். கூடியிருந்த சனங்களில் ஒரு சின்னப் பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடி வாங்கியது.

அதிகாரி நல்ல துக்க முகத்தோடுதான் வந்திருந்தார். அம்மாவைக் கும்பிட்டார். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பியின் பக்கம் குனிந்தார்.

"தம்பி, உங்கப்பா எங்களுக்கெல்லாம் ஒரு சொத்து. அடுத்த மாசம் முப்பத்தஞ்சாவது ஆண்டு சிறப்பு நிகழ்ச்சி பண்றோம், தெரியும்ல? அதுல அவருக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கோம். பழைய காட்சிய காட்டி, அப்படியே உங்க முகத்துக்கு வர்றோம். அப்பாவின் வழியில் மகன்னு. நீங்க எதுவும் பேச வேண்டாம். ரெண்டே ரெண்டு தட்டு. போதும். ஊரே அழுதுடும்."

உள்ளேயிருந்து பெரியவளுக்கு அத்தனையும் கேட்டது. வெளியே போய் அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று எழுந்தவள், நிலைப்படியில் நின்றுவிட்டாள். கேமரா ஏற்கெனவே தோளில் ஏறியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. தெருவே தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அவன் இதே ஆளுக்கு முன்னால் போய் நின்று வருகைக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"என்ன தம்பி, வெக்கமா? நான் வேணா ஆரம்பிச்சு விடட்டுமா?" அதிகாரி தன் வயிற்றை லேசாகத் தட்டிக் காட்டினார். பின்னால் நின்ற இரண்டு பேர், பழக்கத்தில், கையைத் தூக்கிவிட்டு இறக்கினார்கள்.

தம்பி நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்தான். மறுபக்கம் சாய்ந்து இடது கையையும் கொடுத்தான். இரண்டு கையின்மேலும் அழுத்தி உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தான்.

"தம்பி?"

அவன் நிமிரவில்லை.

அதிகாரி காத்திருந்தார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மனசு சரியில்ல போல. ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றார். ஆபீஸ் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். சிவப்பு விளக்கு அணைந்தது. கார் சந்துக்குள் திரும்ப இடமில்லாமல், பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியேறியது.

எதிர்வீட்டுக்காரி ஒரு தட்டு நிறைய டீ கொண்டு வந்தாள். எல்லோரும் ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டார்கள். தம்பி எடுக்கவில்லை. எடுத்துக்கோப்பா என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். அவன் கைகள் அப்படியே இருந்தன. அழுத்தத்தில் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன, ரத்தம் செத்து வெளுத்து.

பெரியவள் ஒரு டம்ளரை எடுத்தாள். சுட்டது. புடவை முனையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு தரம் ஊதினாள். டம்ளரை அவன் வாயருகே கொண்டுபோய்ச் சரித்தாள். அவன் ஒரு வாய் குடித்தான். மோவாயில் வழிந்ததைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அவள் மறுபடி ஊதினாள்.